கின்னிகின்னிக்: கையால் கலந்த புகை

1806-ஆம் ஆண்டு மார்ச் 7. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய ஒரு சின்னக் கோட்டை. ஃபோர்ட் கிளாட்ஸாப் என்று பெயர். மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் இருவரின் தலைமையில் கண்டத்தைக் குறுக்கே கடந்து வந்த 33 பேர் அங்கே குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்கிய 106 நாளில் மழை பெய்யாத நாள் 12 தான். போட்டிருந்த துணி மக்கியது, வேட்டையாடி வந்த இறைச்சி கெட்டது.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்றுதான் கையிருப்புப் புகையிலையில் பாதியை எடுத்துப் பங்கு போட்டார்கள். பழக்கம் உள்ளவர்களுக்குப் புகையிலை, இல்லாதவர்களுக்கு ஆளுக்கொரு கைக்குட்டை. மார்ச் மாதம் பிறந்தபோது அதுவும் தீர்ந்திருந்தது. 33 பேரில் ஏழு பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் புகையிலை வேண்டும் என்று லூயிஸ் அன்றைய நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மெல்லுகிறவர்கள் காட்டு ஆப்பிள் மரத்தின் பட்டையை வாயில் அடக்கிக்கொண்டார்கள். அது கடும் கசப்பு. சுங்கான் பிடிக்கிறவர்கள் வேறு வழி கண்டார்கள். 'ரெட் வில்லோ' என்று வழங்கிய ஒரு சிவப்புத் தண்டுச் செடியின் உள்பட்டையையும், 'சகாகோமி' என்ற கொடியின் இலையையும் சுங்கானில் அடைத்துப் பற்றவைத்தார்கள்.

அவர்களுக்கு அது கஷ்டகாலத்து மாற்று. நல்ல சரக்கு கிடைக்கும்வரை ஏதோ ஒன்று. ஆனால் அந்தப் பட்டையும் அந்த இலையும் அந்தக் கண்டத்தின் சுங்கான்களுக்குள் பல நூறு ஆண்டுகளாக இருந்துவந்தவை. அங்கே வாழ்ந்த பழங்குடிகள் புகையிலை இருந்தபோதும் அதனோடு அவற்றைக் கலந்துதான் புகைத்தார்கள். அந்தக் கலவைக்குப் பெயர் கின்னிகின்னிக்.

காட்டில் பறித்த மூலிகையால் சுங்கான் புகையிலைக்கு மணமேற்றும் வழக்கத்தின் மூலத்தைத் தேடிப் போனால் வந்து நிற்கும் இடம் இதுதான். மணம், ருசி என்பதெல்லாம் இந்தக் கதையில் பின்னால் வருகின்றன. முதலில் வருவது, ஒரு பொருளை எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவறிவு.

பெயரில் இருக்கும் கை

கின்னிகின்னிக் என்பது ஒரு செடியின் பெயர் என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். தோட்டச் செடி விற்கும் கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டால் ஒரு தரைக்கொடியை எடுத்துக் கொடுப்பார்கள். சொல் பிறந்தபோது அப்படி இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த லெனாபி மக்களின் உனாமி மொழியிலிருந்து வந்த சொல் அது. பொருள், 'கலவை'. அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தின் மூல வேருக்கு, 'ஒன்றை வேறொன்றோடு கையால் கலத்தல்' என்று மொழியறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். கை அந்த வேரிலேயே இருக்கிறது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒஜிப்வே மொழியில் இதற்கு உறவான ஒரு வினைச்சொல் உண்டு. உயிருள்ள ஒன்றை உயிரற்ற ஒன்றோடு கலப்பது என்று அதற்குப் பொருள். தமிழ் இலக்கணம் படித்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். நாம் பெயர்ச்சொற்களை உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம். அவர்கள் மொழி உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. அந்தப் பிரிவில் புகையிலையைக் குறிக்கும் 'அசெமா' உயிருள்ள பக்கம். சுங்கானைக் குறிக்கும் 'ஒப்வாகன்' என்ற சொல்லும் உயிருள்ள பக்கம்தான். வினைமுடிவே அதற்கேற்ப மாறும். புகையிலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால்கூட, உயிருள்ள ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை நாக்கு மறக்க முடியாது.

நம் மொழியோ அதன் வேலையைப் பார்த்துப் 'புகையிலை' என்று பெயர் வைத்தது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சரக்கு நமக்குப் பண்டமாக வந்தது, பண்டத்துக்கு உரிய பெயரைப் பெற்றது. அது பிறந்த மண்ணில் அதன் இடம் வேறு. காட்டில் ஒரு செடியைப் பறிக்கும் முன் அதன் அடியில் ஒரு சிட்டிகைப் புகையிலையை வைத்துவிட்டுப் பறிப்பது ஒஜிப்வே வழக்கம். கேட்டு, கொடுத்து, பிறகு எடுப்பது. கின்னிகின்னிக்குக்கான இலைகளும் பட்டைகளும் அப்படித்தான் கைக்கு வந்தன.

எவ்வளவு பழசு?

யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் லேக் பாலைவனத்தில், 12,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அடுப்புத் தடத்தில் கருகிய புகையிலை விதை நான்கு கிடைத்தது. 2021-இல் அந்த ஆய்வு வெளியானது. அதை அந்த மனிதர்கள் மென்றார்களா, புகைத்தார்களா என்று விதை சொல்லாது. ஆனால் அந்தச் செடியோடு மனிதனுக்கு ஏற்பட்ட உறவு அவ்வளவு பழையது.

கலவையின் வயதைச் சொல்வது இன்னொரு கண்டுபிடிப்பு. வாஷிங்டன் மாநிலத்தின் நடுப்பகுதியில் கிடைத்த 1,400 ஆண்டு பழைய சுங்கான் ஒன்றின் உள்சுவரில் ஒட்டியிருந்த கசடை வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். அதில் இரண்டு செடிகளின் தடம் இருந்தது. ஒன்று, அந்த நாட்டுப் புகையிலை வகைகளில் ஒன்றான நிகோட்டியானா குவாட்ரிவால்விஸ். இன்னொன்று சுமாக் என்ற புதர்ச்செடி. பழைய சுங்கான் ஒன்றில் புகையிலை அல்லாத செடி புகைக்கப்பட்டதை வேதியியல் தடத்தால் காட்டிய முதல் சான்று அது. 2020-இல் வெளியிட்டார்கள். நம் பக்கம் பல்லவர் ஆண்ட காலத்தில், அங்கே யாரோ ஒருவர் உள்ளங்கையில் இரண்டு இலைகளை நொறுக்கிக் கலந்திருக்கிறார். அந்தக் கைக்காரரின் பெயர் போய்விட்டது. கலந்த விகிதமும் போய்விட்டது. கலந்தார் என்பது மட்டும் கரிப்பூச்சில் தங்கிவிட்டது.

ஏன் கலந்தார்கள்?

முதல் காரணம் காரம். வட அமெரிக்கப் பழங்குடிகள் பயிரிட்ட புகையிலை, இன்று சிகரெட்டில் இருக்கும் வகை இல்லை. கிழக்கே அவர்கள் வளர்த்த நிகோட்டியானா ரஸ்டிகாவில் நிகோட்டின் பல மடங்கு அதிகம். 1535-இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் அதைப் புகைத்துப் பார்த்த பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியேவின் ஆட்களுக்கு வாயில் மிளகுப்பொடியைப் போட்டது போல எரிந்தது. அப்படிப்பட்ட இலையைத் தனியாகப் புகைப்பதைவிட, சாந்தமான இலைகளோடு சேர்ப்பது உடம்புக்கும் ஒத்துப்போனது.

இரண்டாவது காரணம் அருமை. மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்ஸா இனத்தைச் சேர்ந்த எருமைப்பறவைப் பெண் என்ற மூதாட்டி, தன் மக்களின் வேளாண்மையைப் பற்றி கில்பர்ட் வில்சன் என்ற மானிடவியலாளருக்கு விரிவாகச் சொன்னார். 1917-இல் அது நூலாக வந்தது. மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பெண்களின் வயல். புகையிலை மட்டும் கிழவர்களின் சிறு பாத்தி, தனியாக ஒதுங்கி இருக்கும். முதலில் பூக்களைத்தான் பறிப்பார்கள். காயவைத்து, எருமைக் கொழுப்பு தடவிப் பத்திரப்படுத்துவார்கள். இலையையும் தண்டையும்விடப் பூவுக்குத்தான் மதிப்பு.

அவர் சொன்னதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. இளைஞர்கள் புகைக்கக் கூடாது என்று வளர்த்தார்களாம். புகை நுரையீரலைக் கெடுக்கும், மூச்சு வாங்கும், ஓட முடியாது. ஓட முடியாதவன் போரிலும் வேட்டையிலும் உதவமாட்டான். ஒரு மனிதனுக்கு அறுபது வயதாகி, ஓடவேண்டிய வேலையெல்லாம் முடிந்த பிறகு, விருப்பப்படி புகைத்துக்கொள்ளட்டும் என்று விடுவார்கள். எந்த மருத்துவக் கல்லூரியும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட அறிவு இது. புகையிலையைப் புனிதம் என்று வைத்த சமூகம்தான் அதற்கு இப்படி வேலியும் போட்டது. அந்த வேலியின் இன்னொரு பக்கம்தான் கலவை. சுங்கானில் புகையிலை கொஞ்சம், காடு மிச்சம்.

காடு கொடுத்த மூன்று

முதலில் சிவப்புத் தண்டு. ரெட் வில்லோ என்று பேர் வாங்கினாலும் அது வில்லோ இல்லை, டாக்வுட் இனத்துப் புதர். லகோட்டா மக்கள் இதைச் 'சன்ஷாஷா' என்கிறார்கள். 'சன்' என்றால் மரம், 'ஷா' என்றால் சிவப்பு. ஆற்றோரச் சதுப்பில் புதராக வளரும். கோடையில் மற்றப் பச்சைக்குள் மறைந்திருக்கும் இது, குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, பனி மூடிய வெள்ளை நிலத்தில் குங்குமக் கோடு போல எழுந்து நிற்கும். வெட்டும் காலம் அதுதான்.

விரல் பருமனுள்ள தண்டுகளை வெட்டிவந்து வீட்டுக்குள் கணப்புக்கு அருகே உட்கார்ந்துகொள்வார்கள். கத்தியை மெதுவாக ஓட்டி மேலே உள்ள சிவப்புத் தோலை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மெல்லிய தாள் மாதிரி உரியும். அதற்குக் கீழே பச்சையாக ஓர் அடுக்கு. வேண்டியது அதுதான். கத்தியைக் கொஞ்சம் அழுத்தினால் அது சுருள் சுருளாக விழும். இன்னும் அழுத்தினால் வெள்ளைக் கட்டை வந்துவிடும், அது உதவாது. விழுந்த சுருள்களை நெருப்பின் பக்கத்தில் வாட்டினால் மொறுமொறுவென்று ஆகும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் தூளாகாமல், சிறு சிறு துணுக்காக உதிரும். ஒரு பைக்கு எத்தனை தண்டு, எத்தனை மாலைப்பொழுது என்று நினைத்துப் பாருங்கள். பல வேளைகளில் லகோட்டாக்கள் புகையிலையே சேர்க்காமல் இதை மட்டும் புகைத்தார்கள். இதில் நிகோட்டின் கிடையாது.

இரண்டாவது, கரடித் திராட்சை. தாவரவியல் பெயர் ஆர்க்டோஸ்டாஃபிலோஸ் உவா-அர்சி. முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். இரண்டும் சொல்வது கரடியின் திராட்சை என்றே. மணற்பாங்கான, குளிர்ந்த நிலத்தில் தரையோடு படரும் கொடி. இலை சிறியது, தடித்தது, தோல் போன்றது; குளிர்காலத்திலும் பச்சை மாறாது. ஆகவே பனிக்கு அடியிலும் கிடைக்கும். துவர்ப்புள்ள இந்த இலையை நெருப்பில் வாட்டி நொறுக்குவார்கள். இன்று செடிக்கடைகளில் கின்னிகின்னிக் என்று விற்பது இதைத்தான்.

மூன்றாவது, சுமாக். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது இதன் இலைகள் நெருப்பு மாதிரி சிவக்கும். மிசௌரிப் பகுதிப் பழங்குடிகளின் தாவரப் பயன்பாட்டைத் தொகுத்த மெல்வின் கில்மோரின் 1919-ஆம் ஆண்டு ஆய்வில், சிவந்த பிறகே இந்த இலையைப் புகைக்கப் பறித்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. பச்சையாக இருக்கும்போது தொடமாட்டார்கள்.

இவற்றுக்கு மேலே மணத்துக்கென்றே சேர்த்தவையும் உண்டு. மெஸ்க்வாகி மக்கள் கொலம்பைன் என்ற காட்டுப்பூச்செடியின் முற்றிய விதைக்காய்களைப் புகையிலையோடு சேர்ப்பார்கள், புகை நல்ல வாசனையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

கவனித்தால் ஒன்று தெரியும். வடக்கே கரடித் திராட்சை, சமவெளியில் சிவப்புத் தண்டு, வறண்ட மேட்டில் சுமாக். எது எங்கே முளைக்கிறதோ அது அங்கே கலவை. ஒருவர் சுங்கானின் புகையை முகர்ந்தால் அவர் எந்த நிலத்துக்காரர் என்று சொல்லிவிடலாம். குறிஞ்சிக்கு ஒரு பூ, முல்லைக்கு ஒரு பூ என்று நிலத்தை வகுத்த மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குமாஸ்தாவின் பை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மென்மயிர்த்தோல் வணிகர்கள் ஆற்று வழியே உள்ளே வந்தார்கள். அவர்களோடு வெளிநாட்டுப் புகையிலையும் வந்தது. ஹட்சன் பே கம்பெனி கொண்டுவந்தது பிரேசிலின் பாஹியாவில் கயிறாக முறுக்கிக் கரும்புப் பாகு பூசிய புகையிலை. மெல்லும் புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பாடம் போடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கைப்பக்குவம் புதிதில்லை. கயிற்றை அறுத்து, பீவர் தோலுக்கு மாற்றாகக் கொடுப்பார்கள்.

கம்பெனி குமாஸ்தாக்களுக்கும் படகு தள்ளும் பிரெஞ்சு-கனடியர்களுக்கும் அந்தப் புகையிலை கட்டுப்படியாகவில்லை. அக்கம்பக்கத்துப் பழங்குடி வீடுகளில் பார்த்ததை அவர்களும் செய்தார்கள். கரடித் திராட்சையின் இலையைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒஜிப்வே மொழியில் அந்தச் செடிக்கு 'சகாகோமின்' என்ற பெயர். பிரெஞ்சுக் காதில் அது 'சாக் ஆ கொமி' என்று விழுந்தது. பிரெஞ்சில் 'சாக்' என்றால் பை, 'கொமி' என்றால் குமாஸ்தா. ஆகக் குமாஸ்தாவின் பை! 1806 ஜனவரி 29-ஆம் தேதி லூயிஸ் தன் நாட்குறிப்பில், குமாஸ்தாக்கள் பையில் கொண்டு திரிவதால்தான் இந்தப் பெயர் என்று நம்பிக்கையோடு எழுதிவைத்தார். பழங்குடியின் சொல் பிரெஞ்சுக்காரர்கள் காதில் விழுந்து, அவர்கள் மொழியாக உருமாறி, அதற்கு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. செடியை எடுத்தவர்கள் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

கின்னிகின்னிக் என்ற சொல்லும் அப்படியே பயணம் போனது. லெனாபி மக்களின் சொல்லை வணிகர்கள் கண்டம் முழுக்கச் சுமந்துபோய், அங்கங்கே வேறு வேறு பெயரில் இருந்த கலவைகளுக்கெல்லாம் இந்த ஒரே பெயரைச் சூட்டினார்கள். 1836-இல் மினசோட்டாவில் செங்கல் நிறச் சுங்கான் கல் கிடைக்கும் பள்ளத்தைப் போய்ப் பார்த்த ஓவியர் ஜார்ஜ் கேட்லினின் எழுத்திலும் இந்தச் சொல் உண்டு. கத்தியால் செதுக்கும் அளவுக்கு மிருதுவான அந்தக் கல்லுக்குப் பின்னால் அவர் பெயராலேயே கேட்லினைட் என்று பெயர் வந்தது. 1937 முதல் அது பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். கல் வெட்டும் உரிமை பழங்குடிகளுக்கு மட்டும்.

கடைக்கு வந்த பிறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் புகையிலைத் தொழிற்சாலைகள் இதே சொல்லைக் கொஞ்சம் திரித்துப் பாக்கெட்டில் அச்சடித்து விற்றன. பெயர் வந்தது, கை வரவில்லை. ஆனால் காட்டு மூலிகையால் மணமேற்றும் யோசனை மட்டும் தொழிலில் தங்கிவிட்டது.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'மான் நாக்கு' இலை. ஃப்ளோரிடா, ஜார்ஜியா, கரோலினா மாநிலங்களின் பைன் காட்டுச் சமவெளியில் தானாக முளைக்கும் செடி. காய வைத்தால் வனிலா மணம் எழும்பும். கிராமத்து ஜனங்கள் காட்டில் பறித்து, காயவைத்து மூட்டையாக விற்பார்கள். அது சுங்கான் புகையிலைக் கலவைகளுக்குள் போய்ச் சேரும். மணத்துக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். 1820-இல் டோங்கா விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், 1868-இல் வில்லியம் பெர்கின் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். சமவெளிப் பழங்குடிகள் பின்னலாகப் பின்னிச் சடங்கில் கொளுத்தும் இனிப்புப் புல்லின் வாசனைக்கும் காரணம் இதே கூமரின்தான். ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1954-இல் அமெரிக்கா உணவில் கூமரினைச் சேர்க்கத் தடை விதித்தது. மணமாக இருப்பது எல்லாம் நல்லது இல்லை.

இன்றும் சொந்தமாகச் சுங்கான் கலவை செய்கிறவர்கள் காட்டு இலைகளைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிகோட்டின் இல்லாத இலையானாலும் எரிந்தால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வரும். மூலிகை என்ற பெயர் நுரையீரலுக்குத் தெரியாது. ஹிடாட்ஸா பெரியவர்கள் இளைஞர்களுக்குச் சொன்னது மூலிகைப் புகைக்கும் சேர்த்துத்தான்.

கலவையும் கலப்படமும்

1883-இல் அமெரிக்க அரசு பழங்குடிகளின் சடங்குகளைக் குற்றமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. பல சடங்குகள் மறைவிடத்துக்குப் போயின. தங்கள் வழிபாட்டைத் தடையின்றிச் செய்யும் உரிமை சட்டமாக எழுத்தில் வந்தது 1978-இல். இடைப்பட்ட தொண்ணூற்றைந்து ஆண்டுகளில், கடைப்புகையிலை வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. ஆனாலும் குளிர்காலத்தில் சிவப்புத் தண்டு வெட்டப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெட்டும் முன் ஒரு சிட்டிகை வைப்பதும் நிற்கவில்லை.

நம் மொழியில் கலவை என்று ஒரு சொல், கலப்படம் என்று ஒரு சொல். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. விலையுள்ள பொருளைக் குறைத்து, வாங்குகிறவனிடம் மறைத்தால் கலப்படம். விலையுள்ள பொருளை மதித்து, அதைக் கொஞ்சமாக எடுத்து, தன் நிலத்தில் விளைந்ததை அதற்குத் துணையாக வைத்தால் கலவை. ஃபோர்ட் கிளாட்ஸாப்பில் மழையில் உட்கார்ந்து பட்டையைப் புகைத்த ஆட்களின் கையில் இருந்ததும் அதே செடிகள்தான். கொஞ்சமாக எடுப்பது மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. கின்னிகின்னிக் பிறந்தது அந்தக் கொஞ்சத்திலிருந்துதான்.